முஹிக்கா கண்காட்சிப் பலகைகள் 14: வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

உருகுவேயின் முன்னாள் ஜனாதிபதி ஹொசே முஹிக்கா 2025 மே 13ஆந் திகதி காலமானார். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் 14 பலகைகளாக்கி, பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் வாடகைக்கு விடுகிறது திருகோணமலை நகரிலுள்ள ஓர் அச்சகம். மூன்று நாள் வாடகை 6,000 ரூபா. முற்பணம் 10,000 ரூபா. பலகைகள் சேதமில்லாமல் திரும்பினால் அது முழுதாகக் கைக்கு வரும். எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே தொங்கவிடக் கூடாது. ஆறு பிழைகளைத் திருத்த வேண்டும், ஒரு தாளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அந்தத் தாள் ஏன் வேண்டுமென்றால், இத்தொகுதியை இப்படியே பார்க்கும் பிள்ளைகள் ஒரு துறவியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் சிறையிருந்தார், வெளியே வந்தார், பழைய காரில் ஏறி ஜனாதிபதியானார், சம்பளத்தைத் தானம் செய்தார். முஹிக்கா துறவி அல்லர். கட்சி கட்டியவர், கூட்டணிக்குள் இடம்பிடித்தவர், எதிராளியையே உப ஜனாதிபதி வேட்பாளராக்கியவர், பாராளுமன்றத்தில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறிய காலத்தை ஆண்டவர். அந்த அரசியல்வாதிதான் இத்தொகுதியில் காணாமற் போயிருக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். 2ஆம் பலகை அருமை. 1935 மே 20இல் மொன்டெவிடியோவின் ஓரத்தில், பாசோ டெ லா அரேனா என்ற குடியிருப்பில் பிறந்தது, தந்தை டெமெட்ரியோ கடனில் நொடித்து, பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே இறந்தது, தாய் லூசி கோர்டானோ பூ வளர்த்துக் குடும்பத்தைக் காத்தது எல்லாம் நாலே பந்தியில் இருக்கிறது. தந்தை வழி பாஸ்க், தாய் வழி இத்தாலி என்பதையும் விடவில்லை. முஹிக்கா கடைசிவரை செய்த தொழில் பூ வளர்ப்பு. ஜனாதிபதியாவதற்கு முன் அவரும் மனைவியும் செவ்வந்தி வளர்த்துச் சந்தைக்கு அனுப்பியவர்கள். பலகையில் ரோசாப் படம் போட்டிருப்பதை மட்டும் மாற்றியிருக்கலாம். 3ஆம் பலகை அவருடைய இளவயதுச் சைக்கிளோட்டப் பந்தயங்களையும் முதல் அரசியலையும் சொல்கிறது. முஹிக்கா தொடங்கிய இடம் இடதுசாரிக் கட்சியல்ல, பழம்பெரும் தேசியக் கட்சி. அங்கே என்ரிக்கே எர்ரோ என்ற அரசியல்வாதியின் பின்னால் நின்று வளர்ந்தவர். இதைப் பெரும்பாலான குறிப்புகள் விட்டுவிடும். இங்கே இருக்கிறது.

7ஆம் பலகைதான் தொகுதியின் உயிர். 1973 செப்டம்பரிலிருந்து, முஹிக்கா சேர்ந்திருந்த துபமாரோ என்ற ஆயுத இயக்கத்தின் தலைவர்கள் ஒன்பது பேரை இராணுவம் பணயக் கைதிகளாக வைத்துக்கொண்டது. வெளியே இயக்கம் மறுபடி கைவைத்தால் உள்ளே இவர்களுக்குச் சாவு என்பதே ஏற்பாடு. மூன்று மூன்று பேராகப் பிரித்து, படைமுகாமுக்குப் படைமுகாம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முஹிக்காவோடு இருந்த இருவர் எலெயூத்தேரியோ பெர்னாண்டெஸ் ஹுய்டோப்ரோவும் மௌரிசியோ ரோசென்கொஃபும். ஒருவர் பின்னாளில் பாதுகாப்பு அமைச்சர், மற்றவர் எழுத்தாளர். அடுத்தடுத்த அறையில் இருந்தும் பேச்சு இல்லை. சுவரைத் தட்டித்தான் சேதி. ஒன்பது பேரில் அடோல்ஃபோ வாசெம் விடுதலையைக் காணாமலே 1984இல் புற்றுநோயால் இறந்துபோனார். பலகை இதையெல்லாம் கூச்சல் போடாமல், சித்திரவதைப் படம் எதுவும் போடாமல், ஒரு வரைபடத்தில் முகாம்களைக் குறித்துக் காட்டுகிறது. இந்தப் பலகைக்கு முன் பிள்ளைகள் கூடுதலான நேரம் நிற்பார்கள். எனவே இதற்குப் பக்கத்தில் மேசை, கதிரை எதுவும் போடவேண்டாம்.

இனிப் பிழைகள். 1ஆம் பலகை உருகுவேயைத் தென் அமெரிக்காவின் மிகச் சிறிய நாடு என்கிறது. மிகச் சிறியது சுரினாம்; உருகுவே அதற்கு அடுத்தது. சிறியது என்ற சொல்லே நம் பிள்ளைகளை ஏமாற்றும். உருகுவேயின் பரப்பு ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீற்றர், இலங்கையின் இரண்டரை மடங்குக்கும் மேல். சனத்தொகைதான் சிறிது: 34 இலட்சமளவு. மாடுகளோ மனிதரைவிட மூன்று மடங்குக்கு மேல். இந்த மாட்டுக் கணக்கை மறக்கவேண்டாம், பின்னால் தேவைப்படும்.

4ஆம் பலகையில் இரண்டு பிழை. இயக்கத்தின் பெயர் துபக் அமரு என்ற இன்கா வழித் தலைவரிடமிருந்து வந்தது என்று சொல்லி 1572 என்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். அது முதலாம் துபக் அமரு கொல்லப்பட்ட ஆண்டு. இயக்கம் பெயரெடுத்தது இரண்டாம் துபக் அமருவிடம்; 1780இல் பெருவில் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்து, 1781இல் கூஸ்கோ நகரில் கொல்லப்பட்டவர் அவர். இது சின்னப் பிழை, எண்ணை மாற்றினால் சரி.

இரண்டாவது பிழை பெரியது. "இராணுவ ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்தினார்" என்று தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. வரிசை தலைகீழ். கரும்புத் தொழிலாளரைத் திரட்டிய ரவுல் சென்டிக் முதலானோர் இயக்கத்தைத் தொடங்கியது 1960களில். அப்போது உருகுவேயில் தேர்தல் நடந்தது, பாராளுமன்றம் கூடியது. ஹோர்ஹே பச்செக்கோ அரெக்கோவின் ஆட்சியில் அவசரகால நடவடிக்கைகளும் அடக்குமுறையும் இருந்தன, உண்மை. ஆனால் அது இராணுவ ஆட்சியல்ல. 1969 ஒக்டோபர் 8இல் பான்டோ நகரைச் சில மணிநேரம் கைப்பற்றியது, 1970 மார்ச்சில் மொன்டெவிடியோ மதுக்கடையொன்றில் பொலிஸாரின் ஆறு குண்டுகள் முஹிக்காவின் உடம்பில் பாய்ந்தது, 1971 செப்டம்பர் 6இல் புன்டா கரெட்டாஸ் சிறையிலிருந்து சுரங்கம் வழியாக 111 பேர் தப்பியது எல்லாம் சதிப்புரட்சிக்கு முந்தியவை. 1972இல் இராணுவம் இயக்கத்தை உடைத்துவிட்டது; அந்த ஆகஸ்டில் முஹிக்கா கடைசித் தடவையாகப் பிடிபட்டார். ஜனாதிபதி போர்டபெரி இராணுவத்தோடு சேர்ந்து பாராளுமன்றத்தைக் கலைத்தது 1973 ஜூன் 27. அதாவது இராணுவ ஆட்சி வந்தபோது முஹிக்கா ஏற்கெனவே உள்ளே.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறோம்? ஆயுதத்தின் கணக்கு வழக்கைச் சொந்த வாழ்க்கையில் பார்த்த பெற்றோரும் பேரன் பேத்திகளும் வந்து நிற்கப்போகிற சுவர் இது. அங்கே காரண காரியத்தை மாற்றி எழுதக்கூடாது. உருகுவேயில் இன்றும் இதுபற்றி இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள்: துபமாரோக்கள்தான் இராணுவத்துக்கு வாசலைத் திறந்துவிட்டார்கள் என்பார் ஒரு சாரார், இராணுவமும் அதன் பின்னால் நின்றவர்களும் எப்படியும் வந்திருப்பார்கள் என்பார் மறுசாரார். பலகை எந்தப் பக்கம் சாயவும் வேண்டாம். திகதிகளை மட்டும் சரியான வரிசையில் வைத்தால் பார்ப்பவர்களே யோசிப்பார்கள்.

பெயர் எழுத்தும் ஒரு பிரச்சினை. ஜோஸ் முஜிகா, ஜோசே முயிக்கா, ஹொசே முஹிக்கா என்று மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. ஸ்பானிய மொழியில் J என்ற எழுத்து 'ஹ' ஒலிக்கு நெருக்கம். ஹொசே முஹிக்கா என்பதையே வைத்துக்கொள்ளலாம். அவருடைய நாட்டார் அழைப்பது பெப்பே.

9ஆம் பலகைக்கு வருவோம். 'மீண்டும் அரசியலில்' என்ற தலைப்பு, பெரிய புகைப்படம், கீழே ஆறு வரி. 1985இலிருந்து 2009 வரை 24 ஆண்டு இந்த ஆறு வரிக்குள் அடங்கியிருக்கிறது. காருக்கு மட்டும் ஒரு முழுப் பலகை ஒதுக்கிய தொகுதியில் இது பொருந்தவேயில்லை. சேர்க்கவேண்டிய தாள் இங்கேதான். 3 அடிக்கு 2 அடி வெள்ளை பிரிஸ்டல் தாளில் கையால் எழுதினாலே போதும். எழுத்து அரை அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. எழுதவேண்டிய விடயம் இது.

இராணுவ ஆட்சி முடிந்து, ஜனாதிபதி ஹூலியோ மரியா சங்கினெத்தியின் ஆட்சி 1985 மார்ச் 1இல் தொடங்கியது. மார்ச் 8இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. மார்ச் 14இல் முஹிக்கா வெளியே வந்தார். வந்தவர்கள் ஆயுதத்தை விட்டுச் சட்டத்துக்குள் அரசியல் செய்யத் தீர்மானித்தார்கள். 1989இல் மக்கள் பங்கேற்பு இயக்கம் என்ற கட்சியைக் கூட்டாகத் தொடங்கி, ஃப்ரென்டே அம்ப்லியோ எனப்படும் பரந்த முன்னணிக்குள் நுழைந்தார்கள். இந்த முன்னணி 1971இல் உருவானது. சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் என்று பலரும் ஒரே வாக்குச்சீட்டின் கீழ் நிற்கும் குடை. 1994 தேர்தலில் முஹிக்கா 99 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். 1999இல் 30 பேர் தெரிவாகும் செனட்டுக்கு. 2004இல் முன்னணி முதன்முறையாக ஜனாதிபதிப் பதவியை வென்றபோது, முன்னணிக்குள் ஆகக் கூடுதலான வாக்கு எடுத்தது முஹிக்காவின் பிரிவு. தபாரே வாஸ்கெஸ் ஜனாதிபதியானார். முஹிக்கா 2005 மார்ச்சிலிருந்து 2008 மார்ச் வரை கால்நடை, விவசாய, கடற்றொழில் அமைச்சர். மேலே சொன்ன மாட்டுக் கணக்கை இங்கே சேருங்கள். மாட்டிறைச்சியில் வாழும் நாட்டில் அது நாட்டின் மடிப்பெட்டியைக் கையில் வைத்திருக்கும் அமைச்சு. இறைச்சிக்கூட முதலாளிகளோடு பேசி விலாப்பகுதி இறைச்சியை மலிவு விலைக்குக் கடைக்கு வரச்செய்ததும் அவர் பெயர் வீட்டுக்கு வீடு போனதும் இந்த அமைச்சிலிருந்துதான்.

2009 ஜூன் 28இல் முன்னணியின் உள்தேர்தல். வாஸ்கெஸ் விரும்பிய ஆள் முஹிக்கா அல்லர், நிதியமைச்சராக இருந்த டனிலோ அஸ்டோரி. முஹிக்கா வென்றார். வென்ற கையோடு அஸ்டோரியையே உப ஜனாதிபதி வேட்பாளராக்கினார். வியாபாரிகளும் நடுத்தர வகுப்பும் பழைய கெரில்லாவைக் கண்டு பயந்த நேரத்தில், பொருளாதாரம் அஸ்டோரியின் ஆட்கள் கையில் இருக்கும் என்பது அந்தப் பயத்துக்கு மருந்து. ஒக்டோபர் 25இல் முதற்சுற்றில் ஏறக்குறைய 48 வீதம். பாதியைத் தாண்டாததால் நவம்பர் 29இல் இரண்டாஞ் சுற்று. முன்னாள் ஜனாதிபதி லூயிஸ் அல்பேர்ட்டோ லகாயேயை எதிர்த்து 52 வீதத்துக்குச் சற்று மேல் எடுத்து வென்றார்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு தரலாம். நமக்கு இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கு ஒரே சீட்டில். 2024 செப்டம்பரில்தான் முதற்தடவையாக இரண்டாஞ் சுற்று எண்ணிக்கை தேவைப்பட்டது. உருகுவேயில் மக்கள் மறுபடி வரிசையில் வந்து நிற்கவேண்டும். வாக்களிப்பது அங்கே சட்டப்படி கட்டாயம். பதவிக்காலம் ஐந்தாண்டு, தொடர்ந்து இரண்டாம் தடவை நிற்க அரசியலமைப்பு இடந்தராது. முஹிக்கா 2015இல் இறங்கியது பெருந்தன்மையால் என்று 13ஆம் பலகையில் ஒரு சாயல் இருக்கிறது. சட்டம் அது. அடுத்த ஐந்தாண்டு கழித்து அவர் மறுபடி நிற்கச் சட்டம் தடையாக இருக்கவில்லை. நிற்காமல் விட்டதுதான் அவருடைய சொந்தத் தீர்மானம்.

10ஆம் பலகை: கார். 1987ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில், வெளிர்நீலம். 2010இல் அவர் காட்டிய சொத்துக் கணக்கு 1,800 டொலர்; அந்தக் காரின் பெறுமதிதான் அது. இதுவரை சரி. "காரை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார்" என்ற வரியை வெட்டவேண்டும். பத்து இலட்சம் டொலருக்குக் கேட்டார்கள் என்று 2014இல் அவரே சொன்னார், விற்கவில்லை. ஜனாதிபதி வாசஸ்தலத்துக்குப் போகாமல் ரின்கோன் டெல் செரோவிலுள்ள தன் தோட்டத்து வீட்டிலேயே இருந்ததும், மூன்று காலுடன் நொண்டிய மனுவெலா என்ற நாயும் உண்மை. சம்பளம் மாதம் 12,000 டொலரளவு. அதில் 90 வீதமளவைக் கொடுத்துவிட்டார். ஆனால் யாருக்கு என்பது பலகையில் இல்லை. ஒரு பகுதி வறியவர்களுக்கு வீடு கட்டும் ஹுன்டோஸ் திட்டத்துக்கு. இன்னொரு பகுதி கட்சிக்கு. அவருடைய கட்சியில் பதவிக்குப் போனவர்கள் சம்பளத்தில் ஒரு வரம்புக்கு மேலுள்ளதைக் கட்சிக்குக் கொடுப்பது வழக்கமான ஒழுங்கு. தனிமனிதனின் நல்லமனது என்று காட்டுவதைவிட ஒரு கட்சியின் ஒழுங்கு என்று காட்டுவது பிள்ளைகளுக்குப் பயன்படும். நல்லமனது ஆளோடு போய்விடும், ஒழுங்கை வேறு ஆட்களும் எடுத்துக்கொள்ளலாம்.

"உலகின் மிக ஏழை ஜனாதிபதி" என்ற பட்டம் இந்தப் பலகையின் குறுக்கே சிவப்பில் ஓடுகிறது. முஹிக்கா அதை ஏற்றவரல்லர். எவ்வளவு இருந்தாலும் போதாதவனே ஏழை, தான் ஏழையில்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். அந்தப் பட்டத்தை மறைத்து ஒரு அட்டை கட்டுவதை நாம் பலமாகச் சிபாரிசு செய்கிறோம்.

11ஆம் பலகை மூன்று சட்டங்களைச் சொல்கிறது, மூன்றையும் முஹிக்காவின் கையெழுத்தோடு நிறுத்திவிடுகிறது. அவர் எப்படி ஆண்டார் என்பது வாக்கெண்ணிக்கையில்தான் தெரியும். முன்னணிக்கு அப்போது 99இல் 50 ஆசனம். ஒருவர் சறுக்கினாலும் மசோதா விழும். 12 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா 2012இல் பிரதிநிதிகள் சபையில் 50க்கு 49 என்று தப்பியது; செனட்டில் 17க்கு 14. இதே போன்றதொரு சட்டத்தை முன்னணியின் சொந்த ஜனாதிபதி வாஸ்கெஸ் 2008இல் வீட்டோ செய்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஒரே முன்னணிக்குள் இருந்த பிளவு விளங்கும். 2013 ஏப்ரலில் ஒருபாலினத் திருமணச் சட்டத்துக்கு 92 பேரில் 71 பேர் ஆதரவு. எதிர்க்கட்சியிலிருந்தும் வாக்கு வந்தது. 2013 ஜூலை 31இல் கஞ்சாச் சட்டம் 96 பேரில் 50 வாக்கு எடுத்தது. டிசம்பர் 10இல் செனட்டில் 16க்கு 13. ஜூலை வாக்கெடுப்பில் முன்னணி உறுப்பினர் ஒருவர், தனக்கு இது பிடிக்கவில்லை என்று சபையிலேயே சொல்லிவிட்டுக் கட்சிக் கட்டுப்பாட்டுக்காகக் கையுயர்த்தினார். கட்சி கட்டாமல் வெறும் எளிமையை வைத்துக்கொண்டு அந்த 50ஆவது வாக்கை எடுக்கமுடியாது.

கஞ்சாச் சட்டம் பற்றிய வாசகத்தைத் திருத்தாமல் பாடசாலையில் மாட்டவே கூடாது. "யாரும் வாங்கலாம்" என்று இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட பிரசைகளும் நிரந்தரமாக வதிபவர்களும் மட்டும். அதுவும் பெயரைப் பதிந்த பிறகு. வழி மூன்று, அவற்றில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம்: வீட்டில் 6 செடி, அல்லது 15 முதல் 45 பேர் வரை கொண்ட கழகத்தில் 99 செடி வரை, அல்லது மருந்துக்கடையில் மாதம் 40 கிராம் வரை. உல்லாசப் பயணிக்கு விற்பனையில்லை. மருந்துக்கடை விற்பனை தொடங்கியது 2017 ஜூலையில், முஹிக்கா பதவியிறங்கி இரண்டு ஆண்டு கழித்து. சட்டத்தின் நோக்கம் கடத்தல்காரரின் சந்தையை அரசு பறித்தெடுப்பது. கஞ்சா நல்லதென்று யாரும் சொல்லவில்லை, முஹிக்காவும் சொல்லவில்லை. இலங்கையில் இது குற்றம் என்பதைப் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

தோல்விகள் எந்தப் பலகையிலும் இல்லை. இது நமக்கு வருத்தம். பதவியேற்பு உரையிலேயே கல்வி, கல்வி என்று அழுத்தியவர், இடைநிலைக் கல்வியைச் சீர்திருத்த முடியாமல் இறங்கினார். ஆசிரியர் சங்கங்களோடும் தன் முன்னணிக்குள்ளேயும் இழுபறி. தலைநகருக்கு வெளியே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று உருவானது அதில் தேறியது. தேசிய விமானசேவை ப்ளுனா 2012 ஜூலையில் மூடப்பட்டது. அந்த விவகாரத்தில் பொருளாதார அமைச்சர் பெர்னாண்டோ லொரென்சோ 2013 டிசம்பரில் பதவி விலகினார். இதை 12ஆம் பலகையின் கீழ்ப்பகுதியில் எழுதலாம். அங்கே பாதி இடம் சும்மா கிடக்கிறது. மேற்பாதியில் 2012 ஜூன் ரியோ மாநாட்டு உரையும் 2013 செப்டம்பர் ஐ.நா. உரையும். திகதிகள் சரி. சுற்றிவரப் போட்டிருக்கும் பொன்மொழிகளில் எது உண்மையில் அவர் சொன்னது என்று அச்சகத்துக்கே காட்டமுடியவில்லை. மேற்கோள் குறி போட்ட எதையும் பிள்ளைகள் கட்டுரைக்குக் கொப்பி பண்ணவேண்டாம் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

13ஆம் பலகை லூசியா தொப்பொலான்ஸ்கியை 'மனைவி' என்று மட்டும் அறிமுகம் செய்கிறது. அவரும் துபமாரோ, அவரும் சிறை, அவரும் செனட்டர். 2010 மார்ச் 1இல் முஹிக்காவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்ததே அவர்தான், ஆகக் கூடுதலான வாக்கு எடுத்த பட்டியலின் முதல் செனட்டர் என்ற முறையில். 2017 செப்டம்பரில் உப ஜனாதிபதியானார்; அப்பதவியில் அமர்ந்த முதற்பெண். 2020 ஒக்டோபர் 20இல் முஹிக்கா செனட்டிலிருந்து விலகிய அதே அமர்வில் சங்கினெத்தியும் விலகினார். இருவரும் கட்டித்தழுவிய படம் பலகையில் இருக்கிறது, விளக்கம் இல்லை. சங்கினெத்தியின் ஆட்சியில் வந்த பொதுமன்னிப்பில் விடுதலையானவர் முஹிக்கா என்று ஒரு வரி எழுதினால் படம் பேசும்.

14ஆம் பலகையில் வயது 90 என்றிருக்கிறது. 89. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று 2024 ஏப்ரலில் அவரே அறிவித்தார். அந்த உடம்போடும் முன்னணியின் ஜனாதிபதி வேட்பாளர் யமண்டூ ஒர்சிக்காகத் தேர்தல் வேலை செய்தார். 2025 மார்ச் 1இல் ஒர்சி பதவியேற்றதைப் பார்த்துவிட்டே போனார்.

பலகைகளின் பொருள்தரம் பற்றி. இரண்டு பக்கமும் கடதாசி, நடுவில் நுரை வைத்த 5 மில்லிமீற்றர் போம் போர்ட். முன்பக்கம் மட் லெமினேட். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசவைக்காது, நல்ல தெரிவு. பின்பக்கம் வெறுங்கடதாசி. அங்கேதான் கோளாறு. மாரியில், நவம்பர் டிசம்பர் ஈரக்காற்றில் பின்பக்கம் நீரை உறிஞ்சி விரியும், லெமினேட் செய்த முன்பக்கம் விரியாது. பலகை முன்னோக்கி வளைந்து கிண்ணம்போல் வரும். டச்சுக்குடாப் பக்கம், உட்துறைமுக வீதிப் பக்கம் என்று கடலுக்குக் கிட்டவான மண்டபங்களில் இரண்டாம் நாளே தெரியும். அச்சகம் பின்பக்கத்துக்கும் லெமினேட் ஒட்டி, ஓரங்களை அகலமான டேப்பால் மூடினால் இது நிற்கும். அதுவரை, இரவில் கழற்றி, மேசையில் படுக்கையாக அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு கூடும்.

சுவரில் டபுள் டேப் ஒட்டவேண்டாம். டிஸ்டெம்பர் பூசிய சுவரில் மதியத்துக்குள் பூச்சோடு சேர்ந்து கழன்று விழும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஐலட் துளை இருக்கிறது. பெட்டிக்குள் கொழுக்கியும் 30 மீற்றர் நைலோன் கயிறும் தருகிறார்கள். நைலோன் பாரத்தில் இழுபடும், நடுப்பகுதி இறங்கிப்போகும். 20 அடி நீளத்துக்கு நடுவில் ஓர் ஆணியிலாவது கட்டவேண்டும், அல்லது கயிற்றுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கிப் பாவிக்கலாம். மின்விசிறி ஓடினாலும் கச்சான் அடித்தாலும் பலகை திரும்பும். கீழ்த்துளைகளையும் நூலால் பிணைத்துவிடுங்கள். பலகையின் நடு, பெரியவர்களுக்கு நிலத்திலிருந்து 5 அடி. 6ஆம் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலரை அடிக்கு மேற்படக் கூடாது. திருத்த அட்டைகளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டலாம். மூன்று நாளுக்குள் உரித்தெடுங்கள். வெக்கையில் பசை லெமினேட்டில் படிந்துவிட்டால் முற்பணத்தில் கழிப்பார்கள்.

பெட்டி இரண்டு, ஏழேழு பலகை. ஓட்டோவில் ஏற்றலாம், ஆனால் பெட்டி சரிந்துதான் நிற்கும், மூலைகள் நசியும். கிண்ணியா, மூதூர் என்று தூரம் போவதானால் சின்ன லொறியில் படுக்கையாகப் போடுவதே பாதுகாப்பு. வாங்கும்போதே 14 பலகையின் மூலைகளையும் கைபேசியில் படமெடுத்து, அச்சகக்காரர் முன்னிலையிலேயே காட்டிவிடுங்கள்.

2,500 ரூபா கூடுதலாகக் கொடுத்தால் விளக்கம் சொல்ல ஒருவர் வருவார். குரல் தெளிவு, பிள்ளைகளோடு நன்றாகப் பழகுகிறார். ஆனால் 40 நிமிடத்தில் கால்வாசிக்கு மேல் காருக்குப் போய்விடுகிறது. 9ஆம் பலகை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முதல்நாளே பேசி, சேர்த்த தாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். அரசியல் விஞ்ஞான ஆசிரியர் உள்ள பாடசாலை இந்தப் பணத்தை மிச்சம்பிடித்து அவரையே பேசவைக்கலாம்.

சுவர்க் கணக்கு: பலகைக்கு 2 அடி, இடைவெளி 6 அங்குலம். ஒரே வரிசை என்றால் 34.5 அடி. அவ்வளவு நீளச் சுவர் கிடைக்காத இடத்தில், முதல் எட்டுப் பலகையை ஒரு சுவரில் 19.5 அடிக்குள் மாட்டி, 1985 விடுதலையோடு மூலையைத் திருப்புங்கள். அடுத்த சுவரில் மிச்சம் ஆறு, அத்தோடு 9க்கும் 10க்கும் நடுவில் நீங்கள் எழுதிய தாள்: மொத்தம் 17 அடி. ஆணி அடிப்பதற்கு முன் அந்தத் தாளுக்குரிய இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்.